சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் பின்னிய நைனா

கத்திரி வெயில் கொளுத்துகிற நாளில், நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, கழுத்தில் மஃப்ளரும் உடம்பில் இரண்டு ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு, நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர் சென்னை மாநகரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் உல்லன் நைனா. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஜர் பட்டியலில் தினமும் அதை எழுதியவனே நான்தான். ஆனால் இப்போது எவ்வளவு யோசித்தாலும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பி.காம். முடித்தவனுக்கு இறால் வாசனைதான் முதல் சம்பளம். பேருந்தில் நான் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். கம்பெனியின் பின்பக்கம் குளிர் அறை இருந்தது. உறைந்த இறால் பெட்டிகளை அடுக்கி வைக்கிற பெரிய இருட்டறை அது. உள்ளே பூஜ்யத்துக்கும் பதினெட்டு டிகிரி கீழே. வெளியே நாற்பது. நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அதிபதி உல்லன் நைனா.

முதல் நாள் பெட்டிக் கணக்கு கேட்கப் போனேன். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, உச்சி வெயிலில் உட்கார்ந்து, இரண்டு எஃகு ஊசிகளை வைத்துக்கொண்டு மயில்கழுத்து நிறத்தில் எதையோ பின்னிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. எழுந்து வந்து, சாணால் என் தோளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அளந்தார்.

"மாருல சதயே இல்லியே. வூட்ல சோறு போடுறாங்களா இல்லியா?"

"நான் புதுசா வந்த கிளார்க்..."

"தெரியும். ரைட்டரு. முப்பது இஞ்சு. கையி நீட்டு."

பத்தே நாளில் மயில்கழுத்து ஸ்வெட்டர் ஒன்று என் மேசை மேல் வந்து உட்கார்ந்தது. அலுவலகமே சிரித்தது. "ஊட்டிக்கு மாற்றல் வரட்டும் நைனா, போட்டுக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு நாளு உள்ள வந்து நில்லு, அப்பால பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய கோப்புகளுக்கு அடியில் திணித்தேன்.

அந்த வட்டாரத்தில் அவருடைய ஸ்வெட்டரிலிருந்து தப்பியவர் யாருமில்லை. குளிர் அறையில் பெட்டி தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். கம்பெனி கொடுத்த கோட்டு கிழிந்து பல வருஷம் ஆகியிருந்ததால் அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் வாட்ச்மேனுக்கு எதற்கு? லாரி டிரைவரின் கியர் கம்பிக்கு எதற்கு? டீக்கடைக்காரரின் கெட்டிலுக்குக்கூட ஒரு சட்டை பின்னிக் கொடுத்தார். இரண்டாம் நாளே அது அடுப்பில் பற்றிக்கொண்டது. கடைக்காரர் கருகிய சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"நெருப்புல காட்னா எதான் எரியாது? ஒன் கட எரியாதா?" என்று நைனா கேட்டார். கடைக்காரர் இன்னொரு சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

எங்கள் வாசலில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். மார்கழியில் அது லேசாக முனகியதைக் கேட்டு அதற்கும் பின்னி, நாலு காலையும் நுழைத்து மாட்டிவிட்டார். மாசியில் வெயில் ஏறியது. கழற்ற யாரையும் அது கிட்டே விடவில்லை. ஒரு நாள் காசிமேடு ஏலத்தில் மீன்கார அம்மாக்கள் நடுவே மயில்கழுத்து நிறத்தில் ஏதோ மிருகம் பாய்ந்து போனதாகத் தகவல் வந்தது. அதன் பிறகு இறால் தலையை மலையாகக் கொட்டி வைத்தாலும் அந்த நாய் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தவர், எல்லோரும் ஒரே நிறத்தில் நிற்பதைக் கண்டு, "சீருடை அருமை" என்று மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் தன் சொந்த யோசனை போலத் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே நைனா டேப்பை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். யோசனை உங்களுடையது என்றால் ஸ்வெட்டரும் உங்களுக்கு வேண்டும் அல்லவா? மேனேஜர் தொப்பையை ஒரு சுற்று சுற்ற டேப் போதவில்லை. நைனா வெளியே வந்து, "இது ஒரு வர்ச வேல" என்று அறிவித்தார்.

இப்படி ஒரே நிறத்தின் மேல் பைத்தியமாக ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கு ஆச்சரியம். அதனால் ஒரு சனிக்கிழமை அவர் நூல் வாங்கக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். சௌகார்பேட்டையில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போகவேண்டிய சந்தில், ஒரு சேட்டு கடை. பொத்தான், ஜிப்பு, ரிப்பன், உல்லன். நைனாவைப் பார்த்ததும் சேட்டு பெருமூச்சு விட்டார்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். இரண்டு கண்டுகளைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"எல்லாம் ஒரே மால்தான் நைனா" என்றார் சேட்டு.

"மாலு ஒண்ணுதான். கையி ஒத்துக்கணுமே."

"ரோஸ் கலர் வந்திருக்கு, பாக்குறீங்களா?"

"கலர யாரு சேட்டு கேட்டா? இது பச்சயா நீலமான்னே எனுக்குத் தெரியாது. இந்தத் தடிமன்ல வேற எது இருந்தாலும் குடு. இல்ல இல்ல? அப்போ இத்தயே குடு."

நிறத்தின் மேல் ஆசையே இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன். ஜன்னல் வழியே துறைமுகத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

குளிர் அறையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் அவருக்கு விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்ததாம். அவருக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவருக்கும் அப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூடப் பெண்சாதி போட்டுவிட வேண்டியதாயிற்றாம். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு வயதான நர்ஸ், கையில் பின்னிக்கொண்டிருந்த ஊசியையும் நூலையும் அப்படியே இவரிடம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தாராம்.

"வெரலு அசஞ்சிகினே இருக்கட்டும், தெனமும் பின்னு, ஊசில நூலு கண்ணி கண்ணியா வியறது கையிக்குத் தெரியுதான்னு பாத்துக்கினே இரு. தெரியாம பூட்டா வேலய வுட்டுடுன்னு சொல்ச்சி. அது குடுத்த நூலு இந்தத் தடிமன். இதுதான் என் வெரலுக்குத் தெரியும். மெலுசா இருந்தா ஒண்ணும் தெரியாது ரைட்டரு."

"அப்போ அந்த ஸ்வெட்டர் எல்லாம்?"

"நான் கையிக்காவப் பின்றேன். சொட்டரு சொம்மா வருது. தூக்கியா போட முடியும்?"

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கண்ணி எப்பவாவது தெரியாம போயிருக்கா நைனா?"

"அப்பப்போ."

"அப்போ என்ன செய்வீங்க?"

"அவுத்துட்டு மறுபடியும் போடுவேன்."

"வேலையை விட்டுடலாமே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வுட்டுட்டு?" என்றார். அவ்வளவுதான். ராயபுரம் பாலம் வரைக்கும் மடியிலிருந்த நூலை விரலால் உருட்டிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் ஸ்வெட்டரை இழுப்பறையிலிருந்து எடுக்கவில்லை. அந்த வயதில் பரிதாபம் வேறு, மானம் வேறு.

அடுத்த வருஷம் சித்திரையில் அது நடந்தது. கப்பலுக்குச் சரக்கு போகிற நாள். வாசலில் கண்டெய்னர் லாரி நின்று, அதன் குளிர்சாதன இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டி எண்களைச் சரிபார்க்க மெல்லிய டெரிகாட்டன் சட்டையோடு குளிர் அறைக்குள் போனேன். பத்து நிமிஷ வேலை. உள்ளே நைனா இருந்தார். பெட்டி தூக்குகிற டில்லி இருந்தான். இறால் பிரிக்கும் பகுதியின் மேஸ்திரி அமலி அக்கா சரக்கு பார்க்க வந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வேலை முடிந்ததும் டில்லி கதவுக்குப் போனான். உள்ளிருந்து திறக்க இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் வெளிக் கொக்கி விடுபடும். டில்லி தள்ளினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். தண்டு நுழைகிற ஓட்டையில் பனிக்கட்டி இறுகிக் கிடந்தது. அது சிக்குகிறது என்று நைனா மூன்று தடவை சொல்லியிருந்தார். மேனேஜர் மூன்று தடவையும் "அடுத்த வாரம்" என்றிருந்தார். அபாய மணியை அழுத்தினோம். அது எப்போதோ செத்துப்போயிருந்தது. கதவைத் தட்டினோம். வெளியே லாரி உறுமலில் அது யார் காதிலும் விழவில்லை.

டில்லி கத்த ஆரம்பித்தான்.

"யாரும் கத்தாதீங்க" என்றார் நைனா. "கத்துனா வாயிதான் குளுரும்."

உடம்பில் இருந்த இரண்டு ஸ்வெட்டரில் மேல் ஸ்வெட்டரைக் கழற்றி என் தலை வழியாக மாட்டினார். ஊட்டி என்றோ, இழுப்பறை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு தோள் பையிலிருந்து மேனேஜருக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை எடுத்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. ஊசியை உருவினார். நூல் முனையை டில்லி கையில் கொடுத்தார்.

"நீ அவுத்துக்கினே இரு. அக்கா சுத்தட்டும். ரைட்டரு, நீ அக்கா சுத்துனத அவுத்து வேற கண்டா சுத்து. நிறுத்துனீங்க, அறஞ்சிடுவேன்."

"எதுக்கு நைனா?" என்று பல் கிட்டியபடி கேட்டேன்.

"வெரலு ஒன்னோடதா இருக்கட்டும்னுதான். சுத்து."

சுற்றினோம். டில்லி அவிழ்க்க, அமலி அக்கா ஜெபமாலை சொல்லிக்கொண்டே சுற்ற, அவர் சுற்றியதை நான் அவிழ்த்துச் சுற்ற, எல்லாம் முடிந்ததும் மறுபடி என்னிடமிருந்து டில்லிக்கு. மேனேஜரின் தொப்பை அன்றுதான் எங்களுக்கு உபயோகப்பட்டது. அவ்வளவு நூல் இருந்தது. அக்காவின் குரல் நடுங்கியது. மூச்சு புகையாக வந்து இமையில் படிந்தது.

"மாதா கேக்குறாங்களோ இல்லியோ, நூலு சிக்காம சுத்து அக்கா" என்று கதவுப் பக்கமிருந்து அதட்டல் வந்தது.

நைனா அங்கே முட்டிபோட்டு, எஃகு ஊசியால் அந்த ஓட்டைப் பனியைக் கொத்திக்கொண்டிருந்தார். தடித்த கையுறையோடு ஊசியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தார். இரும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்து மறுபடி கொத்துவார்.

"நைனா, விரல் தெரியல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எந்த வெரலு?" திரும்பாமலே கேட்டார்.

"சுண்டு விரல்."

"வாயில வெச்சிக்கோ. மத்தது சுத்தட்டும்."

முதல் வகுப்பில் தேறிய பட்டதாரி, சுண்டு விரலைச் சப்பிக்கொண்டு நின்று உல்லன் சுற்றினேன். டில்லி அந்த நிலையிலும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அவன் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி என்று பிறகு சொன்னார்கள். முதல் ஊசி வளைந்து, இரண்டாவது ஊசியும் வளைந்தபோது தண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. டில்லி பாய்ந்து போய் முட்டினான். கதவு திறந்தது. சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. நாங்கள் மூன்று பேரும் சுடுகிற சிமெண்டுத் தரையில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டோம். யார் யாரோ ஓடிவந்தார்கள்.

நைனா கடைசியாக வெளியே வந்தார். தன் கூடை மேல் உட்கார்ந்து வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெழுகுவத்தி போல வெளுத்திருந்தன. என் பக்கத்தில் உருண்டு கிடந்த நூல்கண்டை எடுத்தார். அது விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்.

"நூலு சரியில்ல" என்றார்.

அந்த நூலை அவர் குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

எங்கள் விரல்கள் ஒரு வாரத்தில் சரியாயின. அவருடைய இரண்டு விரல்களும் முதலில் கறுத்தன, பிறகு ஆஸ்பத்திரியில் பாதியோடு எடுத்துவிட்டார்கள். நான் இழுப்பறையிலிருந்து என் ஸ்வெட்டரை எடுத்து அக்கினி நட்சத்திரம் முடியும்வரை தினமும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். முதுகெல்லாம் வேர்க்குரு. அந்த நாட்களில் மேனேஜர் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நைனா திரும்பி வந்தபோது அவரை வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். மீதி விரல்களை வைத்துப் பின்னிப் பார்த்தார். பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை முழங்காலையும் தாண்டி நீண்டது, இன்னொரு கை முழங்கையிலேயே முடிந்துபோனது. வாட்ச்மேன் அதையும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு சனிக்கிழமை சேட்டு, அந்தத் தடிமனில் மில்லில் இப்போது போடுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நைனா வெறுங்கையோடு வந்தார். அதற்கு அடுத்த ஐப்பசி மழையில் கம்பெனியே போயிற்று. ஒரு காலையில், கம்பெனியை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மழையில் நனைந்தபடி எல்லோரும் அதை மாறி மாறிப் படித்தோம். அமலி அக்கா வேறு கம்பெனிக்குப் போனார், டில்லி துறைமுகத்துக்குப் போனான், நான் பேனாவை நம்பிக் கிளம்பினேன். நைனா முகத்துவாரக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் அவரைப் பார்க்கப் போனது இரண்டு வருஷம் கழித்து. ஏன் அத்தனை நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண்ணூரில் இறங்கி, ராட்சதக் குழாய்களின் ஓரமாக நடந்தேன். வேலிச் செடிகளின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. கழிமுகத்தில் தண்ணீர் ஈய நிறத்தில் நின்றது. வீட்டு வாசலிலேயே அவர் தங்கை என்னைத் தடுத்து நிறுத்தி மெல்லிய குரலில் சொன்னார்:

"அது கைய நம்பாதீங்க சார். இப்போ எந்த வெரலுக்கும் ஒண்ணும் தெரியல. முந்தாநேத்து அடுப்புல கைய வெச்சிகினு பேசிகினே கீது. கருகுற வாசன வந்து நான்தான் இயுத்தேன். கேட்டா, எல்லாம் தெரியுதுன்னு சொல்லும். நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க."

பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரைட்டரா? இன்னா, இன்னும் மாருல சதயே காணோம்?"

"எப்படி இருக்கீங்க நைனா?"

"எனுக்கு இன்னா? ஜோரா கீறன்." துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். டில்லியை விசாரித்தார். அமலி அக்காவை விசாரித்தார். மேனேஜர் இளைத்துவிட்டாரா என்று கேட்டார். இளைத்துவிட்டார் என்றதும், "நல்ல வேள, நூலு மிச்சம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

தங்கை எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்க டீ கொண்டுவந்தார். நைனா அதைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இவ போடுற டீ எப்பவும் ஆறிப் போய்தான் வரும். எனுக்குச் சூடு பத்தலன்னா புடிக்காது. நீ புடிச்சிப் பாத்துச் சொல்லு ரைட்டரு."

வாங்கினேன். உள்ளங்கை தீய்ந்தது. "கொஞ்சம் சூடுதான் நைனா. நான் பிடிச்சிருக்கேன், நீங்க பேசுங்க" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, அந்த நாய் பிறகு எங்கே போயிற்றோ என்று பேச ஆரம்பித்தார். நான் டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டேன். சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் அவர் கையில் வைத்தேன்.

"பத்துதா சூடு?" என்றார்.

"கரெக்டா இருக்கு நைனா."

அவர் ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடிக்கும்வரை, டம்ளருக்கு அடியில் என் கையையும் வைத்துக்கொண்டிருந்தேன்.